பாதித் தண்டவாளம்

என் கேள்வித்தாளில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. இருபத்திரண்டுக்கும் பதில் 'ஆம்' என்றே வந்தது. அதைப் பார்த்து அன்றைக்கு நான் சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஆட்களா என்று வாய்விட்டுச் சொன்னதுகூட நினைவிருக்கிறது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பதினாறு வருடம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் நான். கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி. வெல்டிங் செய்த தண்டவாள எஃகில் சூடு எப்படிப் பரவுகிறது, ஆறும்போது உள்ளுக்குள் என்ன இழுவையை விட்டுவிட்டுப் போகிறது என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால், "தண்டவாளத்தை ஒட்ட வைக்கறதுங்க" என்பேன். "அதுக்கெதுக்கு அம்மணி கம்ப்யூட்டரு? ஒட்டறவன் ஒட்டிப்போட்டுப் போறான்" என்பார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவேன்.

ஒட்டுகிறவன் ஒட்டிவிட்டுப் போவது அவ்வளவு லேசில்லை. இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே ஓர் அங்குலம் போல இடைவெளி விட்டு, சுற்றிலும் மணலால் செய்த மோல்டைக் கட்டுவார்கள். முதலில் முனைகளைத் தீ வைத்துச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். அப்புறம் மேலே ஒரு குடுவையில் பொடியைக் கொட்டிக் கொளுத்தினால், கண் கூசும் வெள்ளைக் குழம்பாக இரும்பு உருகி இறங்கி இடைவெளியை நிரப்பும். மோல்டும் பொடியும் சேர்ந்து ஒரு ஒட்டுக்கு ஒரு 'கிட்' என்று பெட்டியாக வரும். சில நிமிடம் பொறுத்து மோல்டை உடைத்து, பிதுங்கியதை வெட்டி எறிந்து, ஆறிய பின் சாணை பிடிப்பார்கள். அந்த ஆறுவதில்தான் எல்லாம் இருக்கிறது. சூடாக இருக்கும் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் ஈரக்கை பட்டால் என்ன ஆகும் என்று அதைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் சீக்கிரம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது, நடுவில் விட்டுப்போகும். எஃகும் அப்படித்தான். ஆனால் கண்ணாடி மாதிரி அப்போதே உடைந்து தொலைக்காது. ரயில் ஏறும் வரை காத்திருக்கும்.

கல்லூரிக்கு ஒரு வேலை வந்தது. மதுக்கரைக்கு அந்தப் பக்கம், ஒரு சரக்குக் கிடங்குக்கு மட்டும் போகிற தனி ரயில் பாதை. தெற்கு வடக்காகக் கிடப்பது. ஆடி மாதத்தில் அங்கே ஐந்து ஜாயிண்டு போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில், சில நாளில், அடியில் விரிசல் ஓடியிருந்தது. பாதையை நடந்து பார்க்கிறவர் கண்ணில் பட்டதால் வண்டி ஏறும் முன்பே நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏன் விரிந்தது என்று எழுத்தில் வேண்டும் என்று கிடங்குக்காரர்கள் கேட்டார்கள், ஒப்பந்தக் கம்பெனிக்காரர்கள் எங்கள் துறைத் தலைவரிடம் வந்தார்கள். அவர்தான் என் ஆராய்ச்சி வழிகாட்டி. "அம்மணி, உன்ற பாடமே தானே? நீயே பாத்துரு" என்றார்.

அந்த ஐந்து ஜாயிண்டையும் போட்டவர் ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள், சட்டைக் கை முழுக்கத் தீப்பொறி ஓட்டை. ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை வெல்டர். தண்டவாளம் பற்றவைக்கத் தகுதிச் சான்று வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது என்றார். அந்தச் சான்று இல்லாமல் யாரும் ரயில் பாதையில் மோல்டைத் தொடக்கூட முடியாது.

நான் பாதையைப் பார்க்கப் போனபோது புரட்டாசி பிறந்துவிட்டது. இலை அசையவில்லை. அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து, நிழலில் ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்காரச் சொல்லி, நான் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். நான் கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க'. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, உச்சி வெயிலுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் கணினி. ஒரு பொருளைக் கணினியில் சுட வைக்க வேண்டுமென்றால், அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். கட்டங்கள் லட்சக்கணக்கில் போகும். எனக்குக் கொடுத்திருந்த கணினி நாலு கட்டத்துக்கே மூச்சு வாங்குகிற கிழம். அதனால் ஒரு குறுக்குவழியைப் பிடித்தேன். தண்டவாளத்தை நட்டநடுவே நீளவாக்கில் பிளந்து, கிழக்குப் பாதியை மட்டும் வரைந்தேன். மேற்குப் பாதி இதன் கண்ணாடிப் பிம்பம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கணினி நம்பிக்கொள்ளும். இதில் திருட்டு ஒன்றும் இல்லை. பாடப்புத்தகமே சொல்லிக்கொடுக்கிற வழி.

முடிவு அழகாக வந்தது. படிப்படியான நிறங்கள், மெதுவான ஆறுதல், பயப்படும்படியான இழுவை எங்கேயும் இல்லை. 'கூறப்பட்ட முறைப்படி செய்தால் விரிசல் வர வாய்ப்பில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு முதுகில் தட்டாத குறை. நானும் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. முறைப்படி செய்தால் விரிசல் வராது. விரிசல் வந்திருக்கிறது. அப்படியானால் முறைப்படி செய்யவில்லை. செய்தது யார்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஐப்பசியில் ஒரு நாள் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போனேன். ஆய்வகத்தில் சோதனைத் துண்டுகளைப் பிடித்து நிறுத்த ஒரு இரும்புப் பிடிமானம் கடைந்து கொடுக்கச் சொல்லியிருந்த லேத் பட்டறை அங்கே இருக்கிறது. பக்கத்துக் கொட்டகையில் ஒருவர் இரும்புக் கேட்டுக்குப் பூ வேலை பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கியதும் பார்த்தால் அதே ஆள்.

"வாங்க மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று எழுந்துவிட்டார். "இருங்க, டீ சொல்றனுங்க."

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதானுங்க. கொஞ்ச நாளைக்கு லைனுக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. இதுவும் வேலைதானுங்களே."

மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தார். கணவரைப் போல இல்லை அந்த அம்மா. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது? உங்க கம்ப்யூட்டரு சொல்லிப்போட்டுதாமா, இவரு மேலதான் தப்புன்னு. மார்கழியில மீட்டிங்காமுங்க. அதுல முடிவு பண்ணிச் சர்டிபிகேட்டை ரத்து பண்ண எழுதப் போறாங்களாம். அப்புறம் ஆயுசுக்கும் கேட்டும் சன்னல் கம்பியுந்தான்."

"ஏய், மேடத்துக்கிட்ட..." என்று அவர் இழுத்தார்.

"நான் அப்படி எழுதலையே" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த டீயைக் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. அவர் மட்டும் பேருந்து நிறுத்தம் வரை என் பிடிமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார். என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். அவர் ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்லியிருப்பார், நான்தான் விட்டிருப்பேன் என்று ஒரு நினைப்பு. உண்மையைச் சொன்னால், அவர் எங்காவது பொய் சொல்லி மாட்டியிருக்க மாட்டாரா, என் மனது லேசாகாதா என்று ஒரு ஆசையும் இருந்தது.

என் குரல் கேட்டது. "தீ காமிக்கறது எட்டு நிமிஷந்தானுங்க?"

"ஆமாங்க மேடம். எட்டு."

காகிதம் புரட்டும் சத்தம். "ஓ, இந்தக் கிட்டுக்குப் பத்துன்னு போட்டிருக்குதுங்களே. பத்துங்களா?"

"ஆமாங்க, பத்துங்க."

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். திரும்ப ஓடவிட்டேன். எட்டுக்கும் ஆமாங்க, பத்துக்கும் ஆமாங்க. நான் பன்னிரண்டு என்றிருந்தால் அதற்கும் ஆமாங்கதான். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒன்பதாவது கேள்வி வந்தது.

"காத்து பெருசா ஒண்ணும் இருக்காதுங்களே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. எங்கோ ஒரு காக்கை கத்தியது. மறுபடியும் கத்தியது. அதற்கப்புறம்தான் பதில்.

"ஆமாங்க, இருக்காதுங்க."

முதலில் அந்த ஆள் மேல்தான் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து சொன்னால் என்ன? அடுத்து என் மேல் வந்தது. அதுதான் நியாயமான இடம். இருபத்திரண்டு கேள்வியிலும் பதிலை நானே சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு 'தானுங்களே' மட்டும் ஒட்டியிருக்கிறேன். அவர் அதை எடுத்து, மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் அதைத் தரவு என்று கணினிக்கு ஊட்டியிருக்கிறேன்.

இதில் அவரை மட்டும் எப்படிக் குறை சொல்ல முடியும்? நான் பிறந்தது அந்தியூர்ப் பக்கம். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போவேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் மாட்டு விலை பேசுவார்கள். கட்டாத விலை என்றால் கை மெல்ல வெளியே வந்துவிடும். "இல்லை" என்று வாய் திறந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விருந்துக்கு வர முடியாது என்றால்கூட "பாக்கலாமுங்க" என்போம். எதிரே இருப்பவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நானே பாலிடெக்னிக்கில் பதினாறு வருடமும் பிரின்சிபாலின் எத்தனை கிறுக்குத்தனத்துக்கு "சரிங்க சார்" போட்டிருக்கிறேன்.

அந்தக் காக்கைச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. ஜாயிண்டு போட்டது ஆடி மாதம். இடம் பாலக்காட்டுக் கணவாய்க்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற பொட்டல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் கணினியில் மட்டும் அந்த ஆடியில் ஒரு காற்றும் அடிக்கவில்லை.

அடுத்த நாளே மறுபடியும் பெரியநாயக்கன்பாளையம் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மனைவிதான் இருந்தார். பதிவில் கேட்டதைச் சொன்னேன்.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அவருகிட்டப் போயிக் கேட்டீங்களா? கேட்டா எல்லாத்துக்கும் ஆமாம்பாருங்க. போன மாசம் தலை வெட்டப் போனாரு. 'மீசையை எடுத்தறட்டுங்களா'ன்னு அவன் கேட்டானாம். 'ஆமாங்க'ன்னுட்டு ஊட்டுக்கு வந்து நிக்கறாரு. எம்பொண்ணு யாரோன்னு பயந்து அழுதுபோட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு சொன்னார், "கேக்காதீங்க மேடம். செய்யச் சொல்லுங்க. பாத்துட்டுச் சும்மா நில்லுங்க."

அதைத்தான் செய்தேன். துறைத் தலைவரிடம் தொங்கி இரண்டு கிட் வரவழைத்தேன். கல்லூரிப் பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில் துண்டுத் தண்டவாளங்களைக் கிடங்கின் பாதை போலவே தெற்கு வடக்காகப் போட்டு, இரண்டு பக்கமும் சூட்டை அளக்கும் கம்பிகளைப் பொருத்தினேன். கார்த்திகையில் காற்றுக்கு எங்கே போவது? பட்டறையில் இருந்த பெரிய ஃபேனை மேற்கே நிறுத்தி ஓடவிட்டேன். அவர் வந்தார். "எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய தவம்.

அவர் முதலில் மோல்டைத் தொடவில்லை. ஒரு சிட்டிகை மணலை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டார். அது கிழக்கே சாய்ந்து விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் போய், எங்கிருந்தோ ஒரு பழைய தகரத்தை இழுத்துவந்து, தண்டவாளத்துக்கு மேற்கே செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். மறுபடி மணலை விட்டார். நேராக விழுந்தது. அதற்கப்புறம்தான் வேலையைத் தொடங்கினார்.

இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று என் இருபத்திரண்டு கேள்வியில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது கிட்டுக்குத் தகரத்தை நானே எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் அதையே பார்த்துவிட்டு மோல்டைக் கட்டினார். தீயைக் காட்டியபோது அது கிழக்கே சாய்ந்தது. கிழக்குப் பக்கம் தகதகவென்று சிவக்க, மேற்குப் பாதம், அதாவது தண்டவாளத்தின் அகன்ற அடிப்பகுதியில் அந்தப் பக்கம், கறுத்தே கிடந்தது. ஊற்றிய பிறகும் அப்படியே. மேற்குப் பக்கத்துச் சூட்டைக் காட்டும் கோடு என் திரையில் மடமடவென்று இறங்கியது, கிழக்குப் பக்கத்துக் கோடு நிதானமாக இறங்கியது.

கைகழுவிவிட்டு வந்தவரிடம் என் ஆயுளில் முதல்முறையாக ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டேன். "அன்னிக்கு அங்க என்ன நடந்துச்சுங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் காத்துக்குத் தகரம் தானா நிக்காதுங்க. ரெண்டு ஆளு புடிச்சுக்கோணும். மத்தவங்க ஆளுக்கொரு வேலையில இருந்தாங்க, ஆளு பத்தலீங்க. சூப்பர்வைசருகிட்டக் கேட்டனுங்க. பொழுதுக்குள்ள அஞ்சும் முடியோணும், தகரங்கிகரமெல்லாம் வேண்டாம்னுட்டாரு. சரீங்கன்னுட்டனுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"காத்து இருக்காதுங்களேன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. படிச்சவங்க, அவ்வளவு வெயில்ல வந்து உக்காந்து கேக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்படீங்க சொல்றது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சர்டிபிகேட் போகப்போகிறது, அப்போதும் இந்த மனிதருக்கு என் முகம் வாடக் கூடாது.

கல்லூரியின் பெரிய கணினியை நாலு நாளுக்கு வாங்கினேன். இந்த முறை முழுத் தண்டவாளத்தையும் வரைந்தேன், இரண்டு பக்கத்தோடு. மேற்கே காற்று, கிழக்கே அமைதி. தீ சாய்ந்ததையும் அளந்தபடியே கொடுத்தேன். நாலாம் நாள் காலையில் திரையைத் திறந்தால், இழுவை எல்லாம் ஓர் இடத்தில் வந்து குவிந்திருந்தது. பாதத்தின் மேற்கு ஓரம். விரிந்த ஜாயிண்டின் புகைப்படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். விரிசல் தொடங்கியது மேற்கு ஓரத்தில். அந்தப் படம் முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தது. விரிசல் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பாதித் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவளுக்கு மேற்கு எங்கே தெரியும்?

துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் அறிக்கை தப்புன்னு எழுத வேண்டாம் அம்மணி. காலேஜு பேரு இருக்குது. 'கூடுதல் ஆய்வு'ன்னு ஒண்ணு போட்டுக்கலாம். சரிதானே?"

"சரிங்க சார்" என்றேன். பழக்கதோஷம்.

மார்கழியில் மீட்டிங். நீள மேசை, எல்லார் முன்னாலும் காபியும் முறுக்கும். ஒப்பந்தக் கம்பெனி மேனேஜர், சூப்பர்வைசர், கிடங்கின் பொறியாளர், துறைத் தலைவர், நான். கதவோரத்துக் கடைசி நாற்காலியின் நுனியில் அவர். மீசை பாதி வளர்ந்திருந்தது. நான் நிறப்படங்களைக் காட்டி, காற்று, தகரம், சூடு என்று 'கூடுதல் ஆய்வை' விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மேனேஜர் சிரித்த முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம். அப்ப மொத்தத்துல, முதல் ரிப்போர்ட்டுல சொன்னது சரிதானுங்க? முறை சரி, ஆளுதான் கவனக்குறைவு. இது அதுக்கு மேல ஒரு ஆராய்ச்சி. அப்படித்தானுங்களே?"

எவ்வளவு அன்பான கேள்வி. நான் கேட்கும் கேள்வியைப் போலவே இருந்தது. பதில் அதற்குள்ளேயே இருந்தது, நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். 'ஆ' என்ற எழுத்து என் வாயில் பாதி வந்துவிட்டது.

"இல்லீங்க" என்றேன்.

துறைத் தலைவர் காபிக் கோப்பையைப் பார்த்தார்.

"முதல் அறிக்கை தப்புங்க. நான்தான் தப்புப் பண்ணினேன். பாதித் தண்டவாளத்தை வெச்சுக் கணக்குப் போட்டேன். காத்தைப் பத்தி நான் ஒழுங்கா கேக்கவே இல்லீங்க. வெல்டர் மேல தப்புன்னு சொல்ல என் அறிக்கையில ஒரு ஆதாரமும் கிடையாது. மீதி நாலு ஜாயிண்டையும் அல்ட்ராசவுண்டு வெச்சுப் பாத்துருங்க, மேற்குப் பக்கத்தை முக்கியமா பாருங்க." சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

மேனேஜர் சிரிப்பை விடவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீ தகரங்கிகரம்னு யாருகிட்டயும் கேக்கலதானே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒலிப்பதிவில் காக்கை கத்திய அதே மௌனம்தான். அவர் 'கேக்கலீங்க' என்று சொல்லிவிட்டால், என் நிறப்படங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அவரைக் காப்பாற்றாது.

நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றார். "கேட்டனுங்க" என்றார். கை மட்டும் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. "ரெண்டு தடவை கேட்டனுங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. வேண்டாம்னாலும் நான் ஊத்தியிருக்கக் கூடாதுங்க. சரீன்னு ஊத்திப்போட்டன். அது என் தப்புத்தானுங்க."

எல்லாரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் முறுக்கைப் பார்த்தார். "கேட்டாருங்க" என்றார் மெதுவாக. அந்த ஆளையும் பாராட்டத்தான் வேண்டும்.

கிடங்கின் பொறியாளர்தான் முதலில் பேசினார். மறுநாளே சோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். செய்தார்கள். மீதி நாலில் இன்னொன்றிலும் பாதத்தின் மேற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு குறை இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் புது ஜாயிண்டு போட அவரையே கூப்பிட்டார்கள். சான்றைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வாயெடுக்கவில்லை. மீட்டிங் முடிந்து படியிறங்கும்போது துறைத் தலைவர் என் பக்கத்தில் வந்து, "திருத்தம்னே போட்டுரு அம்மணி" என்றார். நான் போட்டேன். என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க அந்தத் தப்புதான் இருக்கிறது.

ஆனி பிறந்ததும் கணவாய்க் காற்று வந்துவிட்டது. அதே பாதையில் மேலும் சில ஜாயிண்டுகள் போட வேண்டியிருந்தது, அளவெடுக்க நானும் போனேன். தகரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கால் வைத்துக் கொடுத்திருந்தார்கள். காலை அழுத்திப் பிடிக்க இரண்டு ஆட்கள் கூடுதலாக வந்திருந்தார்கள். என் சேலைத் தலைப்பு அடங்கவே இல்லை, இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து ஒரு சிட்டிகை மணலை விட்டுப் பார்த்தார். மீசை பழையபடி முழுசாக இருந்தது. தீ நேராக நின்றது. வெள்ளைக் குழம்பு இறங்கியது.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆனது. இவ்வளவு பட்ட பிறகும் வாய் சும்மா இருக்கிறதா? "அஞ்சு ஆயிருச்சுங்க. மோல்டைப் பிரிச்சறலாந்தானுங்களே?" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்லீங்க மேடம். இன்னிக்குக் காத்து ஜாஸ்தி. இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க."

படிவத்தில் ஐந்து என்று அச்சடித்திருந்தேன். அதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன்.